பித்தளையைப் பித்தளை என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: இது சாமி இருக்கா இல்லையா பதிவு இல்லை. அந்தச் சண்டைக்கு வேற இடம் நிறைய இருக்கு. இது பில் பத்தின பதிவு. பி.காம் படிக்கிறவன்கிட்ட வேற என்ன எதிர்பார்க்கறீங்க? :-)

பூஜை சாமான் கடைக்குப் போய், மஞ்சள் மஞ்சேளென்று பளபளத்துக்கொண்டு நிற்கும் ஒரு பிள்ளையாரைக் காட்டி "இது என்ன உலோகம்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "ஐம்பொன் தம்பி" என்று பதில் வரும். கொஞ்சம் அழுத்திக் கேட்டால் "ஐம்பொன் மாதிரி". இன்னும் அழுத்தினால் "பித்தளைதான், ஆனா அஞ்சு உலோகமும் கலந்திருக்கு". சரி, அதையே பில்லில் எழுதிக் கொடுங்கள் என்றால், அண்ணன் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "சாமி சிலை - 1" என்று எழுதித் தருவார். வாயில் ஐம்பொன், பில்லில் சாமி. பித்தளை என்ற வார்த்தை மட்டும் எங்குமே வராது.

எனக்குப் பித்தளை மேல் ஒரு கோபமும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லக் கூச்சப்படும் வியாபாரத்தின் மேல்தான்.

முதலில் கணக்கு. ஐம்பொன்னில் எந்தெந்த ஐந்து என்பது ஆளுக்கு ஆள் மாறும். செம்பு நிச்சயம். பித்தளை, ஈயம், துத்தநாகம், வெள்ளீயம், இரும்பு என்று மீதி இடங்களுக்குப் போட்டி. ஆனால் தங்கமும் வெள்ளியும் அநேகமாக எல்லாப் பட்டியலிலும் உண்டு. அதனால்தானே அந்தப் பெயருக்கே மவுசு? இப்போது ஐந்து கிலோ சிலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தங்கம் நூற்றில் ஒரு பங்கு என்றால் 50 கிராம். தங்கம் கிராம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்ட காலம் இது. சுளையாகப் பத்தாயிரம் என்றே வையுங்கள், ஐந்து லட்ச ரூபாய். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 5 கிராம், ஐம்பதாயிரம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால் அரை கிராம், ஐயாயிரம். கடையில் அந்த ஐந்து கிலோ பிள்ளையாரின் விலை ஆறாயிரம் ரூபாய்! செம்பு, கூலி, வண்டிச் சத்தம், கடை வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் மீதி ஆயிரத்துக்குள் அடங்கவேண்டும். அக்கவுண்டன்சி முதல் செமஸ்டர் பாஸ் பண்ணியவன்கூட இதை நம்பமாட்டான்.

"தங்கம் இல்லேன்னா அது சாமி இல்லையா?" என்று ஒருவர் கிளம்புவார். அவருக்கு ஒரு தகவல். நாம் எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கும் சோழர் காலச் செப்புத்திருமேனிகளை உலோகவியல் முறையில் ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் சாரதா சீனிவாசன். அந்த ஆய்வுகள் காட்டுவது: பெரும்பங்கு செம்பு, கொஞ்சம் வெள்ளீயம், கொஞ்சம் ஈயம். தங்கமும் வெள்ளியும் சொல்லிக்கொள்ளும் அளவில் இல்லை. அதாவது எழும்பூர் மியூசியத்திலும் தஞ்சாவூர் கலைக்கூடத்திலும் நிற்கிற அந்த மூர்த்திகளே, கடைக்காரர் சொல்லும் அர்த்தத்தில் ஐம்பொன் இல்லை. அவற்றுக்கு என்ன குறைந்துவிட்டது?

பித்தளைக்கும் தலைகுனிய ஒரு காரணமும் கிடையாது. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை. கேட்க ஈஸியாக இருக்கிறது. ஆனால் துத்தநாகம் பிடிவாதக்கார உலோகம். தாதுவைச் சூடாக்கினால் உருகி ஓடாது, ஆவியாகிப் போய்விடும். அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைத்து உலோகமாக்கும் வித்தையை, ராஜஸ்தானில் உதய்பூர் பக்கத்தில் இருக்கும் ஜாவர் சுரங்கங்களில் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளிலேயே தொழிலாகச் செய்தார்கள். ஐரோப்பா அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு பித்தளைதான். அதை யாரும் ஐம்பொன் விளக்கு என்று சொல்லி விற்பதில்லை. விளக்குக்கு இருக்கும் தைரியம் பிள்ளையாருக்கு ஏன் இல்லாமல் போச்சு?

பேர்தானே, போகட்டும் என்று விடலாமா என்றால், விடமுடியாது. இந்தப் பேர் ஒரு ஊரின் சோற்றில் கை வைக்கிறது. கும்பகோணம் பக்கத்தில் சுவாமிமலை.

அங்கே ஒரு சிலை உருவாகும் விதம் இது. தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்து அளவுகோல் ஆக்குவார்கள், அதற்கு ஒடியோலை என்று பெயர். முகத்தின் நீளம் ஒரு தாளம், அதை வைத்து உடம்பு முழுவதற்கும் கணக்கு. தேன்மெழுகு, குங்கிலியம், எண்ணெய் மூன்றையும் காய்ச்சிக் கலந்து அதில் உருவம் செய்வார்கள். மூக்கு, மோதிரம், பூணூல் எல்லாமே மெழுகில். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணை மை போல அரைத்து ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று, பிறகு கரடுமுரடான மண், இரும்புக் கம்பிக் கட்டு. வறட்டி அடுக்கிச் சுட்டால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்தக் காலி இடத்தில் உருகிய உலோகம் இறங்கும். ஆறியதும் மண் கூட்டை உடைத்தால்தான் சிலை. கூடு உடைந்தது உடைந்ததுதான், அதே போல இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். அதற்கப்புறம் உளி வேலை, ராவு வேலை. சின்னச் சிலைக்கே வாரக்கணக்கில் ஆகும்.

உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத், அலிகர் பக்கம் வேறு முறை. மணல் வார்ப்பு. ஒரு மாதிரி உருவத்தை இரண்டு பாதிப் பெட்டிகளில் அடைத்த மணலில் அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில் பித்தளையை ஊற்றுவது. மாதிரி அப்படியே இருக்கும், அடுத்த அச்சுக்கு மறுபடி அழுத்தலாம். ஒரே நாளில் எத்தனையோ பிள்ளையார். இதில் ஒரு குற்றமும் இல்லை, அதுவும் பரம்பரைத் தொழில்தான். உலைப் புகையில் நிற்கிற அந்த ஆளும் நம்மைப் போல வயிற்றுக்காகத்தான் நிற்கிறார். மொராதாபாத்துக்கே 'பீத்தல் நகரி', பித்தளை நகரம் என்று பட்டப்பெயர். அவர்கள் பெருமையாகப் பித்தளை என்று சொல்லி அனுப்புவது, நம்மூர் ஷெல்ஃபில் ஏறும்போது ஐம்பொன் ஆகிவிடுகிறது. ரசவாதம் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இதற்கு எங்கள் பாடத்தில் ஒரு பெயர் உண்டு. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார், 2001-ல் நோபல் பரிசும் வாங்கினார். அமெரிக்காவில் மோசமான பழைய காரை 'எலுமிச்சை' என்பார்கள். எது நல்ல கார் எது எலுமிச்சை என்று வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால், அவன் எல்லாவற்றுக்கும் நடுத்தரமாக ஒரு விலைதான் கொடுப்பான். அந்த விலை நல்ல காருக்குக் கட்டுப்படியாகாது. நல்ல காரை வைத்திருப்பவன் சந்தையை விட்டே போய்விடுவான். கடைசியில் எலுமிச்சை மட்டும் மிஞ்சும். (நம் வீட்டில் சிலை தேய்ப்பதும் எலுமிச்சையால்தான். அதற்கும் வருகிறேன்.)

சிலைச் சந்தையில் அச்சு அசல் இதுதான் கதை. ஒரு கடையில் "ஐம்பொன்" கிலோ ஆயிரத்து இருநூறு. ஸ்தபதி அதே அளவு சிலைக்குப் பல மடங்கு கேட்கிறார். வாங்க வந்தவர் என்ன நினைப்பார்? "அங்க இதே ஐம்பொன் எவ்ளோ சீப்!" என்றுதான். ஸ்தபதி கேட்பது உலோகத்தின் விலை இல்லை, கைவேலையின் விலை என்பது அவர் காதில் ஏறாது, ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே பெயர். 2023-ல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன்னால் நிறுத்திய 27 அடி நடராஜர் சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு வார்ப்பில் செய்தது, சுமார் 18 டன். எல்லோரும் செல்ஃபி எடுத்தோம், பெருமைப்பட்டோம். 27 அடி நடராஜர் தினமும் வரமாட்டார். வீட்டுப் பூஜை அறைக்குப் போகிற ஓரடிச் சிலைதான் பட்டறையில் அடுப்பு எரிய வைப்பது, அந்த இடத்தைத்தான் இந்த ஒற்றை வார்த்தை பிடுங்கிக்கொள்கிறது.

புவிசார் குறியீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1999-ம் வருடச் சட்டப்படி அந்தக் குறியீட்டைப் பொய்யாகப் போட்டால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை ஜெயில், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். ஆனால் அது காப்பது 'சுவாமிமலை' என்ற பெயரை. 'ஐம்பொன்' யாருக்கும் சொந்தமில்லாத வார்த்தை, யார் வேண்டுமானாலும் எதன் மேலும் ஒட்டலாம். தங்க நகைக்கு 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் கட்டாயம். ஐம்பொன்னுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

இப்போது தத்துவத்துக்கு வருவோம். சிலையோடு ஒரு பளபள அட்டை தருவார்கள், பார்த்திருப்பீர்கள். ஐந்து உலோகம் ஐந்து பூதம், ஐந்து கிரகம், வீட்டில் ஐந்து விதமான நன்மை. உலோகமே இல்லாத இடத்தில் உலோகத்துக்குத் தத்துவம்! உண்மையான தத்துவம் உருவத்தில் இருக்கிறது. நடராஜரைப் பாருங்கள். பின் வலக்கையில் உடுக்கை, அது படைப்பு. முன் வலக்கை அபயம், காத்தல். பின் இடக்கையில் தீ, அழித்தல். முயலகன் மேல் ஊன்றிய கால் மறைத்தல். தூக்கிய கால் அருள். முன் இடக்கை யானைத் துதிக்கை போல வளைந்து அந்தத் தூக்கிய காலைக் காட்டும், "இங்கே வா" என்று. இதெல்லாம் நானாகச் சொல்வதில்லை, சைவ சித்தாந்த நூல்களில் ஒன்றான உண்மை விளக்கம் சொல்வது. பிறகு ஆனந்த குமாரசாமி எழுதி உலகமெல்லாம் பரப்பியது. 2004-ல் ஜெனீவாவில் செர்ன் ஆய்வுக்கூடத்துக்கு இந்திய அரசு ஒரு நடராஜரைக் கொடுத்தபோது அவர்கள் ரசித்ததும் இந்த உருவத்தைத்தான், உலோகக் கலவையை இல்லை.

இனி கடை நடராஜர். மணல் அச்சு இரண்டு பாதியாகப் பிரிந்து வரவேண்டும். மாதிரியை மணலிலிருந்து உருவும்போது, பின்னால் குடைந்து போகிற இடமெல்லாம் மணலை உடைத்துவிடும். அதற்குச் சுலபமான வழி, குடைவையே அடைத்துவிடுவது. அதனால் கைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளி மூடியிருக்கும். உடுக்கை சடையோடு ஒட்டி ஒரு முடிச்சு. தீ ஒரு கிண்ணம். காலைக் காட்டவேண்டிய கை எங்கேயோ தரையைக் காட்டும். முயலகன் வெறும் மேடு. நான் பார்த்த ஒன்றில் முயலகனே இல்லை, மறைத்தல் என்ற தொழிலில் அவரையே மறைத்துவிட்டார்கள் போல. :-) இதை வைத்துவிட்டு அட்டையில் பிரபஞ்ச நடனம் என்று எழுதுகிறார்கள். இரண்டு மூன்று துண்டாக வார்த்துப் பற்றவைத்து நன்றாகச் செய்கிற மணல் வார்ப்பாளர்களும் உண்டு, அதற்குக் கொஞ்சம் கூடக் காசு ஆகும். ஆனால் உலோகத்தின் பெயரைக் கேட்டு வாங்குகிறவன் கையைப் பார்ப்பதில்லையே, அவர்கள் ஏன் மெனக்கெடப் போகிறார்கள்?

உருவத்தைப் பார்க்காத நாம் பளபளப்பை மட்டும் பார்க்கிறோம். வெள்ளிக்கிழமை தோறும் புளி, எலுமிச்சை, உப்பு, தேங்காய் நார், கடைப் பொடி. புளியிலும் எலுமிச்சையிலும் இருக்கும் அமிலம் கறுப்பைக் கரைக்கிறது, வாஸ்தவம். கறுப்பு என்பதும் அந்த உலோகத்தின் மேல்தோல்தான். ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய தோல் போகிறது. பொடியில் இருக்கும் நறநறப்பு மூக்கையும் கண்ணையும் இழைக்கிறது. நூற்றாண்டுகளாக அபிஷேகம் கண்ட உற்சவர்களின் முகம் மழுங்கிப்போய், மறுபடி கண்ணும் மூக்கும் செதுக்கியதை எத்தனையோ கோவிலில் பார்க்கலாம். அங்கே அதற்கு நூற்றாண்டுகள் ஆனது. நம் வீட்டு ஸ்டீல் நாருக்குப் பத்து வருடம் போதும். புளியை அப்பி ராத்திரி முழுக்க ஊறவைத்தால் இன்னொரு கூத்து: பித்தளையிலிருந்து துத்தநாகம் முதலில் கழன்றுவிடும், செம்பு மட்டும் நிற்கும், ரோஸ் நிறத்தில் திட்டுத் திட்டாக. "சாமி கோபத்துல சிவந்துட்டாரு" என்று இதற்குப் பரிகாரம் கேட்டவர்களை எனக்குத் தெரியும். உப்பு மிச்சம் இருந்தால் பச்சைக் களிம்பு வேறு.

களிம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. செம்போடு கூடவே பிறந்த களிம்பைத்தான் ஆணவ மலத்துக்கு உவமை சொல்கிறார்கள் சித்தாந்தத்தில். வெளியே தேய்த்துப் போகிற சமாசாரம் இல்லை என்பதற்காகவே அந்த உவமை. நாம் என்னடா என்றால் வாரம் ஒரு பாக்கெட் பொடி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

பளபளப்பு மாறாத சிலை வேண்டும் என்று கேட்கிறோம் என்பதால் லாக்கர் அடித்து விற்கிறார்கள். வார்னிஷ் மாதிரி. அலமாரியில் பொம்மையாக நின்றால் சரி. தினமும் தண்ணீரும் எண்ணெயும் விளக்குச் சூடும் பட்டால் அங்கங்கே உரிந்து, உரிந்த இடம் மட்டும் கறுத்து, வெண்குஷ்டம் போல ஆகும். கடைக்காரர் அப்போது சொல்வது, "நீங்க சரியா பராமரிக்கல". இதற்கு நேர்மாறாக 'ஆன்டிக் ஃபினிஷ்' என்று மடிப்புகளில் கறுப்பைப் பூசி, பழைய சிலை என்பதும் உண்டு. நிஜமாகவே நூறு வருடத்துக்கு மேற்பட்ட உலோகச் சிலை என்றால் 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டத்தில் பதிவு செய்யவேண்டும். சர்டிபிகேட் கேட்டுப் பாருங்கள், சிலைக்கு உடனே வயது குறைந்துவிடும்!

ஒரு விஷயம் மட்டும் சீரியஸ். சிலைக்குப் பஞ்சாமிர்தம், தயிர் அபிஷேகம் செய்து அதையே குழந்தைக்குக் கொடுக்கிறோம். பழைய குழாய், வால்வு உருக்கிய பித்தளையில் ஈயம் இருக்கும், இழைக்கச் சுலபமாக இருக்கவேண்டும் என்று சேர்ப்பது. புளிப்பான பண்டம் அதில் செம்பையும் ஈயத்தையும் இழுத்துக்கொள்ளும். நம் பாட்டிகளுக்கு இது தெரியும். பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்ந்த எதையும் வைக்கமாட்டார்கள், உள்ளே ஈயம் பூசித்தான் வைப்பார்கள் (அது வெள்ளீயம், இந்த நச்சு ஈயம் இல்லை). பாத்திரத்துக்குப் பார்த்த எச்சரிக்கையை, பெயர் ஐம்பொன் என்றதும் மறந்துவிட்டோம். 'ஐம்பொன்னில் பட்ட தீர்த்தம் மருந்து' என்று அட்டையில் போட்டிருக்கிறதே! பித்தளை என்று எழுதியிருந்தால் எந்த அம்மாவும் ஒரு நிமிடம் யோசித்திருப்பாள்.

வலம்புரித் துதிக்கைக்கு ஒரு விலை இடம்புரிக்கு ஒரு விலை, சாணுக்கு மேல் போனால் ஆகாது, லேசாகக் கீறல் விழுந்தால் ஆற்றில் விட்டுவிட்டுப் புதுசு வாங்கு... இதைப் பற்றியெல்லாம் எழுதினால் விடிந்துவிடும். ரிப்பீட் சேல்ஸ் என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன்.

கடைசி ஆட்சேபம் ஒன்று எப்போதும் வரும். "நம்பிக்கை விஷயத்துல கணக்குப் பார்க்கலாமா தம்பி?" பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். கோவில்களிலேயே பார்க்கவேண்டியதாகிவிட்டது. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோவிலுக்குப் புதிதாகச் செய்த சோமாஸ்கந்தர் சிலையில் தங்கம் சேர்க்கவே இல்லை என்று 2017-ல் வழக்குப் பதிவானது. பழனிக்கு 2004-ல் செய்த உற்சவர் சிலை பற்றி 2018-ல் கைது வரை போனது. யார் குற்றவாளி என்பது கோர்ட் விஷயம், எனக்குத் தெரிந்த வேலை இல்லை. அதிகாரிகள், ஆவணங்கள், ஸ்தபதி எல்லாம் இருக்கிற இடத்திலேயே எடை போடவேண்டிய நிலைமை என்றால், நம் தெருமுனைக் கடையில் வாய்வார்த்தையை வைத்து வாங்குவது என்ன நியாயம்?

ஊரில் உற்சவர் வார்க்கும்போது ஒரு வழக்கம் உண்டு. மூசையில் உலோகம் கொதிக்கும்போது ஊர்ஜனம் வரிசையாக வந்து, காதில் கிடக்கும் தோட்டையோ மோதிரத்தையோ கழற்றி அதில் போடுவார்கள். எத்தனை கிராம் என்பது முக்கியமில்லை. எல்லோர் கண்ணெதிரே போடுகிறார்கள், அதுதான். நம் கடை ஐம்பொன்னில் யார், எப்போது, யார் கண்ணெதிரே போட்டது?

இனி வாங்குகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். "ஐம்பொன்" என்று சொன்னால் "பில்லில் ஐம்பொன் என்று எழுதி, தங்கம் எத்தனை கிராம் என்றும் எழுதிக் கொடுங்கண்ணே" என்று கேளுங்கள். எழுதினால், நகைக்கடைத் தெருவில் காரட் மீட்டர் வைத்திருப்பவரிடம் ஒரு சின்னத் தொகை கொடுத்துப் பார்த்துவிடலாம். பொய் என்றால் 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பில்தான் அதற்கு ஆதாரம். எழுதமாட்டேன் என்றால் "சரி, பித்தளைன்னே எழுதுங்க, பித்தளை விலை போடுங்க" என்று சொல்லி, கை, கால், முயலகன் எல்லாம் சரியாக இருக்கிறதா பார்த்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பி.கு: ரோஸ் திட்டு வந்தவர்கள் பரிகாரத்துக்கு அலைய வேண்டாம். போன துத்தநாகம் திரும்பாது, ஆனால் புளியை நிறுத்தினால் மேலே பரவாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பூந்திக்கொட்டை, மெத்தென்ற துணி, ஈரம் போகத் துடைப்பது, மேலே விரல் நுனியளவு எண்ணெய். உப்பு வேண்டவே வேண்டாம். கொஞ்ச நாளில் மொத்தச் சிலையும் ஒரே மாதிரி கருத்து வரும். நன்றாகத்தான் இருக்கும்.